ஏழு மாதம் கழித்து வெடித்த முதுகு: ஒரு 1/32 மிக்-21 மாடலின் நிகழ்வு ஆய்வு

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். மிக்-21 போர் விமான மாடலின் முதுகில், விமானி அறைக்குப் பின்னால் இரண்டு விரற்கடை தள்ளி, தலைமுடி மாதிரி ஒரு கோடு. தூசி என்று நினைத்துத் தூரிகையால் தட்டினேன், போகவில்லை. விரலை வைத்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தால் ரெசின் வாடை, த்ரீடி பிரிண்டரில் ஒளி பட்டால் கெட்டியாகும் திரவத்தின் வாடை. பெயிண்ட் அடித்து முடித்து ஏழு மாதம் ஆன மாடலுக்குள்ளிருந்து காயாத திரவ ரெசின் கசிந்து வந்திருக்கிறது. கோட்டின் இரண்டு பக்கமும் அலுமினிய நிறப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது.

அடுத்த மூன்று மாதம் இதன் காரணத்தைத் தேடுவதிலேயே போனது. பெரிய அளவு விமான மாடல் கட்டுபவர்கள் இப்போது த்ரீடி பிரிண்ட் ரெசின் பாகங்களை நிறைய வாங்குகிறோம். வந்ததும் என்ன பார்க்கிறோம்? அடுக்குக் கோடு தெரிகிறதா, ரிவெட் கூர்மையாக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா. உள்ளே காலியா, காலி என்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இந்த மாடலில் பழுதானது முழுக்க அந்த உள்பக்கம்தான்.

ஏன் இந்த விமானம்

என் மாமா விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடல் பாகங்களைப் பராமரிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். மிக்-21-இன் எஃப்எல் வகையில்தான் அவருடைய இளமைக் காலம் போனது. நாசிக்கில் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) உரிமம் பெற்றுக் கட்டிய முதல் மிக்-21 வகை அது, நம் ஊர் விமானப்படையில் அதன் பெயர் டைப் 77. 2013 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் கலைகுண்டா விமானத்தளத்தில் கடைசி எஃப்எல்லுக்கு விடை கொடுத்தபோது மாமா தொலைக்காட்சி முன்னால் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதே மனதுக்குள் முடிவு செய்தேன், இதை ஒரு நாள் பெரிய அளவில் கட்டித் தரவேண்டும் என்று.

பெரிய அளவு என்றால் 1/32, நிஜ அளவில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. மிக்-21-இன் இறக்கை அகலம் 7.15 மீட்டர், மாடலில் அது 22 சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும். நீளமோ மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாயையும் (காற்று வேகம் அளக்கும் குழாய்) சேர்த்தால் ஏறக்குறைய அரை மீட்டர். அலமாரியில் அம்பு மாதிரி நிற்கும். 1/72-இல் கண்ணுக்கே தெரியாத விஷயங்கள் எல்லாம் இந்த அளவில் தெரியும், தெரியவும் வேண்டும். விமானி அறையின் சுவிட்ச், சக்கரக் குழிக்குள் ஓடும் குழாய், ரிவெட் வரிசை என்று ஒன்றையும் ஒளிக்க முடியாது.

எனக்குக் கிடைத்தது ட்ரம்பெட்டர் கம்பெனியின் எம்எஃப் கிட், அது மிக்-21-இன் இன்னொரு வகை. பெட்டியின் படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“மாப்ள, இது வேற வண்டி. நம்ம டைப் 77-ல கண்ணாடி முன்னாடி பாத்து மடங்கும். இதுல பக்கவாட்டுல சாயுது பாரு.”

“அவ்வளவுதான் வித்தியாசமா மாமா?”

“அவ்வளவுதானான்னு கேக்குறியா? பைலட் குதிக்கும்போது அந்தக் கண்ணாடி சீட்டோட சேர்ந்தே போகும்டா. முகத்துல காத்து அடிக்காம அதுதான் மறைக்கும். முதுகும் இவ்வளவு தடியா இருக்காது. ஒல்லியா இருக்கும்.”

அவர் சொன்னது எல்லாம் சரி. எம்எஃப் பிறகு வந்த வகை, கூடுதல் எரிபொருளுக்காகவும் கருவிகளுக்காகவும் முதுகைப் பருக்கவைத்தார்கள். எஃப்எல்லின் முதுகு தாழ்வாகவும் குறுகலாகவும் இருக்கும். பிட்டோ குழாய் எஃப்எல்லில் மூக்கின் உச்சி நடுவில், எம்எஃப்பில் வலப்பக்கம் தள்ளி. எம்எஃப்பின் இறக்கைகளில் ஆயுதம் மாட்டும் தாங்கிகள் நான்கு, எஃப்எல்லில் இரண்டுதான். இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் ஃபிளாப்பும் வேறு வகை. முக்கியமாக, எஃப்எல்லின் உடலுக்குள் பீரங்கி கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க வயிற்றுக்குக் கீழே ஜிபி-9 என்ற பாட், அதாவது வெளியே பொருத்தும் தனிக் கூடு, மாட்டினார்கள், அதற்குள் 23 மி.மீ. இரட்டைக் குழல் பீரங்கியும் 200 குண்டுகளும் இருக்கும். 1971 டிசம்பர் 12 அன்று ஜாம்நகரிலிருந்து கிளம்பிய 47-வது ஸ்குவாட்ரனின் எஃப்எல் ஒன்று, கட்ச் வளைகுடாவுக்கு மேல் பாகிஸ்தானின் எஃப்-104 போர் விமானத்தை வீழ்த்தியது இந்தப் பாட் பீரங்கியால்தான். அதனால் பாட் இல்லாத எஃப்எல்லை மாமாவிடம் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

வாங்கியது

ஊசிவார்ப்பு அச்சு செய்ய ஆகும் செலவு மிகப் பெரியது. அதனால் பல நாடுகள் பறக்கவிட்ட வகைகளைத்தான் கம்பெனிகள் தேர்ந்தெடுக்கும். எஃப்எல் மாதிரி பெரும்பாலும் ஒரே நாட்டோடு பேர் சேர்ந்த வகைக்குப் பெரிய அளவில் பிளாஸ்டிக் கிட் வரட்டும் என்று காத்திருந்தால் மாமாவுக்கு வயதாகிக்கொண்டே போகும். ரெசின் பிரிண்டிங் சரியாகப் பொருந்துவது இந்த மாதிரி இடத்தில்தான். பத்துப் பேர் மட்டும் கேட்கும் பாகத்தையும் ஒருவர் வீட்டு மேசையில் செய்து விற்க முடிகிறது. அதை நான் மனதார மதிக்கிறேன், இந்த அனுபவத்துக்குப் பிறகும்.

கிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். வாங்க நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். கூரியர்காரர்கள் நிஜ எடையையும் பெட்டியின் கன அளவையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குப் பணம் கேட்பார்கள். கன அளவைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 50 × 33 × 10 செ.மீ. பெட்டி என்றால் 3.3 கிலோ. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஒன்றரைக் கிலோகூட வராது, ஆனாலும் 3.3 கிலோவுக்குத்தான் பணம். அதற்கு மேல் சுங்க வரி. விலைப்பட்டியலில் கிட்டின் விலையை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள், வாசலில் வந்து நிற்கும்போது மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கூட்டிப் பாருங்கள்.

மாற்றுப் பாகங்களை நம் நாட்டிலேயே வேறொரு ஊரில் இருக்கும் ஒரு சிறு தயாரிப்பாளரிடம் வாங்கினேன். முதுகு, ஜிபி-9 பாட், விமானி குதிக்க உதவும் எஸ்கே இருக்கை, பிட்டோவின் அடிப்பாகம், விமானிக் கண்ணாடிக்கான அச்சு. முதுகை மட்டும் இரண்டாகக் கேட்டேன். நீளமான, மெல்லிய பாகம் வளைந்து வந்துவிடுமோ என்ற பயம்தான். அந்த இரண்டாவது முதுகுதான் பிறகு காரணத்தைக் காட்டிக் கொடுத்தது.

பாகங்கள் பார்க்க அற்புதமாக இருந்தன. 0.03 மி.மீ. அடுக்கு, கண்ணுக்குக் கோடே தெரியவில்லை. தாங்கி முளைகள் எல்லாம் அடிப்பக்கம், ஒட்டினால் மறைந்துவிடும் இடம். நல்ல திறமை உள்ள கை.

கட்டியது

எம்எஃப் முதுகை ரேஸர் ரம்பத்தால் அறுத்து எடுத்து, திறந்த இடத்தை 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டால் மூடி, அதன் மேல் ரெசின் முதுகை உட்காரவைத்தேன். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் திரவப் பசை ரெசினில் பிடிக்காது, இது புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழும் இடம். சயனோ பசையோ (சூப்பர் குளூ) இரண்டு கலவை எப்பாக்ஸியோதான் வேண்டும். நான் நடுவில் எப்பாக்ஸியும் விளிம்பில் சயனோவும் வைத்தேன். சயனோவை ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், ராத்திரி முழுக்க விட்டால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, தேய்க்கும்போது பிளாஸ்டிக் பள்ளமாகும், பசை மேடாக நிற்கும்.

கண்ணாடியை நேராகத் தெளிவு ரெசினில் அச்சடிக்கலாம் என்று விற்பவரே சொன்னார், நான் வேண்டாம் என்றேன். தெளிவு ரெசின் நாளாக ஆக மஞ்சளிக்கும், மெருகேற்றிக் கண்ணாடித்தன்மை கொண்டுவருவதும் கடினம். அச்சின் மேல் பெட்ஜி என்ற தெளிவான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இழுத்து வார்த்தேன், ஐந்தாவது தகடு சரியாக வந்தது.

பெயிண்டுக்கு வெற்று உலோக நிறம் எடுத்தேன். உருமறைப்புப் பச்சையும் பழுப்பும் பூசுவதற்கு முந்தைய, வெயிலில் பளபளக்கும் எஃப்எல். உலோக நிறம் எதையும் மன்னிக்காது, முடி அளவு கீறல் இருந்தாலும் காட்டும். அதனால் அடிப்பூச்சாகக் கருப்பு மிஸ்டர் சர்ஃபேசர் 1500, தேய்ப்பு, மறுபடி சர்ஃபேசர், மறுபடி தேய்ப்பு, அப்புறம் பளபளப்புக் கருப்பு, அதன் மேல் லாக்கர் அலுமினியம். அதாவது அந்த முதுகை ஒரு துளி காற்றுகூடப் போகாதபடி எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டேன். செப்டம்பரில் மாடல் முடிந்தது. திருச்சியில் என் வீட்டுக் கூடத்தில் மேற்குப் பார்த்த சன்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன், மாலை வெயிலில் அந்த உலோக நிறம் நிஜமாகவே ஓடுதளத்தில் நிற்கிற மாதிரி இருக்கும் என்பதற்காக.

எதனால் வெடித்தது

முதலில் பெயிண்டைச் சந்தேகப்பட்டேன். பெயிண்ட் விரிசல் விட்டிருந்தால் பிளாஸ்டிக் பகுதியிலும் தெரிய வேண்டும், அங்கே எதுவும் இல்லை. பசை மூட்டு விட்டிருக்கலாம் என்றால் கோடு விளிம்பில் வரவேண்டும், இது முதுகின் நட்ட நடுவில். கசிவோ பிசுபிசுப்பு. ஆக, பாகத்துக்குள்ளேதான் ஏதோ இருக்கிறது.

பெட்டியில் கிடந்த இரண்டாவது முதுகை நகை எடை போடும் சிறு தராசில் வைத்தேன். 6.1 கிராம். தயாரிப்பாளரிடம் கேட்டபோது கோப்பின் அளவுகளைத் தயங்காமல் அனுப்பினார். உள்ளே காலி, சுவர் 1.5 மி.மீ., ரெசினின் கன அளவு 4 கன சென்டிமீட்டர். காய்ந்த ரெசினின் அடர்த்தி ஏறக்குறைய 1.15 என்று வைத்தால் 4.6 கிராம் இருக்க வேண்டும். ஒன்றரை கிராம் கூடுதல். 2 மி.மீ. துளைக்கம்பியால் ஒரு முனையில் துளை போட்டேன், கவிழ்த்துப் பிடித்தேன். தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. வாங்கிப் பத்து மாதம் ஆன பாகத்துக்குள் இன்னமும் திரவம்.

அது அங்கே எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள பிரிண்டர் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். தொட்டியில் திரவ ரெசின், அடியில் திரை, 405 நானோமீட்டர் ஒளி. ஒளி பட்ட இடம் மட்டும் கெட்டியாகி, தட்டு ஒவ்வொரு அடுக்காக மேலே ஏறும். உள்ளே காலியாக வரைந்த பாகம் என்றால், அந்தக் காலி இடத்தைச் சுற்றிச் சுவர் எழும்பும், உள்ளே அகப்பட்ட திரவம் அப்படியே நிற்கும். கடைசி அடுக்கில் வாய் மூடிவிடும். அந்தத் திரவம் வெளியேற வடிதுளை வைக்க வேண்டும், ஒன்று போதாது, காற்று உள்ளே போக இன்னொன்றும் வேண்டும். என் முதுகில் ஒன்றுகூட இல்லை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவியது, புறஊதா விளக்கில் காயவைத்தது எல்லாம் வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

அகப்பட்ட திரவம் சும்மா இருப்பதில்லை. அது சுவருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி, சுவரை உப்பவைத்து வலுவிழக்கச் செய்யும். சூடு ஏறினால் திரவம் விரியும், மூடிய பாகத்துக்குள் அதற்குப் போக இடம் கிடையாது. திருச்சியில் மேற்குச் சன்னல், மார்ச், ஏப்ரல், கண்ணாடிப் பெட்டிக்குள் வெப்பம். மெல்லிய இடத்தில் வாய் பிளந்தது.

இது என் ஊகமாக மட்டும் இருக்கக்கூடாது என்பதற்காக, சொந்தமாகப் பிரிண்டர் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரே சாம்பல் நிற ரெசினில் மூன்று முதுகுகள் அடிக்கச் சொன்னேன். முதலாவது என்னுடையது போலவே மூடிய காலி. இரண்டாவது இரு முனையிலும் 2.5 மி.மீ. துளை, ஊசியில்லாச் சிரிஞ்சால் உள்ளே ஆல்கஹால் பாய்ச்சிக் கழுவி, மெல்லிய ஒயரில் தொங்கும் புறஊதா எல்இடியை உள்ளே விட்டுக் காயவைத்தது. மூன்றாவது முழுக்கத் திண்மம். மூன்றுக்கும் ஒரே சர்ஃபேசர், ஒரே சன்னல், மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை. முதலாவது 23-ஆம் நாள் ஒரு முனையில் ஈரம் காட்டியது, ஜூலையில் கோடு விழுந்தது. இரண்டாவது அப்படியே இருந்தது. மூன்றாவதில் விரிசல் இல்லை, ஆனால் நடுவில் ஒரு மில்லிமீட்டர் வளைந்துவிட்டது. மூன்றே பாகம், ஒரே ரெசின், ஒரே சன்னல், இதை வைத்து எல்லா ரெசினுக்கும் தீர்ப்பு சொல்ல முடியாது. என் மாடலில் நடந்தது என்ன என்பதற்கு எனக்கு இது போதும்.

தயாரிப்பாளர் துளை வைக்கவில்லை, அது அவர் தவறு. எடை போடாமல், துளை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்காமல் அடைத்து ஒட்டியது என் தவறு. சன்னல் பக்கம் வைத்ததும் நான்தான். வெயில் இல்லாத இடத்தில் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் தாங்கியிருக்கலாம், ஆனால் உள்ளே இருந்த திரவம் எங்கேயும் போயிருக்காது.

சரிசெய்தது

சயனோவைக் கரைக்க அசிட்டோன் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் அசிட்டோனில் கூழாகிவிடும், அந்தப் பக்கமே போகக் கூடாது. ரம்பத்தால் விளிம்போடு அறுத்து, மீதியைத் தேய்த்தேன். நைட்ரைல் கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். காயாத ரெசின் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்தால் பிறகு வாழ்நாள் முழுக்க ரெசினைத் தொட முடியாது. தேய்ப்பதும் தண்ணீரில் நனைத்துத்தான், தூள் மூச்சில் போகக்கூடாது. உடலில் கசிந்து படிந்ததை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தேன், அது பாலிஸ்டைரினைத் தொந்தரவு செய்யவில்லை.

புது முதுகைப் பற்றி நண்பரோடு உட்கார்ந்து பேசும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்தப் பாகம் உடலின் மேல் கவிழ்ந்து உட்காரப் போகிறது, அதற்கு அடிப்பக்கமே தேவையில்லை. கவிழ்த்த தொட்டி மாதிரி அடியைத் திறந்தே விட்டால் வடிதுளை என்ற பேச்சே எழாது, திரவம் தானாக வடியும், ஆல்கஹால் எல்லா மூலைக்கும் போகும், ஒளி நேராக உள்ளே படும். நடுவில் வளையாமல் இருக்க மூன்று குறுக்குச் சுவர் மட்டும் வைத்தோம், ஒவ்வொன்றிலும் ஒரு பிறை வெட்டு. எடை 3.9 கிராம், கோப்பின் கணக்கோடு பொருந்தியது. இந்த வரைவை முதல் தயாரிப்பாளருக்கும் அனுப்பினேன். அவர் இப்போது முதுகை அடி திறந்தே விற்கிறார்.

உலோக நிறத்தில் ஒட்டுப்போட முடியாது என்று பயந்தேன். நிஜ விமானத்தைப் பார்த்தால் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு மங்கலில் இருக்கும், அது கைகொடுத்தது. தகட்டுக் கோடு வரை மறைப்பு டேப் ஒட்டி, அந்தத் தகடுகளை மட்டும் உரித்து, அலுமினியத்தில் இரண்டு துளி கருப்பு கலந்து அடித்தேன். ஒட்டு தெரியவில்லை.

வாங்குபவர்கள் விற்பவரிடம் கேட்கவேண்டியது நான்கே விஷயம். பாகம் திண்மமா காலியா, காலி என்றால் துளை எங்கே, உள்ளே எப்படிக் கழுவிக் காயவைத்தீர்கள், கோப்பின்படி எடை எவ்வளவு. நல்ல தயாரிப்பாளர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். முழு விமானமே ரெசின் பிரிண்ட் கிட்டாக வாங்கினால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே காலியாக வரப்போவது உடலும் இறக்கையுமே. அத்தோடு, மாடலின் எடையைத் தாங்கும் கால்கள் பிரிண்ட் பாகமாக வந்தால் உள்ளே பித்தளைக் கம்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் நாளாக ஆக மடங்கும்.

சரி, மிச்சம் இருந்தது ஜிபி-9 பாட். அதே தயாரிப்பாளர், அதே மாதம், அதே ரெசின். திண்மம் என்று அவர் சொன்னார், ஆனால் ஒட்டியாகிவிட்டதால் எடை போட வழியில்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “குண்டு ஏத்துற கதவு இருக்குற இடத்துல போடு, அங்க எப்படியும் கோடு இருக்கும்” என்றார். மாடலைக் கவிழ்த்து, அவர் காட்டிய இடத்தில் 1 மி.மீ. துளைக்கம்பியை வைத்துக் கையாலேயே மெதுவாகத் திருகினேன். இரண்டு மி.மீ. ஆழம், மூன்று, நான்கு. வெளியே வந்தது காய்ந்த சாம்பல் தூள் மட்டும்.